பின்வாசல் பூட்டும் ஜெனீவாவும்

புகார் கொடுப்பவர்களுக்குத் துணைக்குப் போவதுதான் தொழிலாளர் சங்கத்தில் என் வேலை. என்னைப் போலவே ஆபீஸ் வாசல்களில் நின்று கால் வீங்கிய உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மேனேஜர்

எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி. வயர் கருகி ஹால் முழுக்கப் புகை. பின்வாசலுக்கு ஓடினால் பூட்டு. டெய்லர் செல்வி அங்கேயே மயங்கி விழ, மற்றவர்கள் முன்வாசல் வரை இழுத்து வந்து பிழைக்க வைத்தார்கள். பூட்டை எடுங்கள் என்பதுதான் அவள் புகார்.

நான் பதறிக்கொண்டு போய்க் கேட்டேன். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "ஏனுங்க, தொறந்து வெச்சா பனியன் வெளிய போயிருமில்லீங்க?"

டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

அதிகாரி

கம்பெனிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் அரசு ஆபீஸில் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி, தான் சோதனைக்கு வரும் தேதியைக் கம்பெனிக்கு முன்பே சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வந்தால் என்ன நடக்குமோ, அதேதான் நடந்தது. பூட்டைக் காணோம், தரையில் புதுசாய் மஞ்சள் அம்புக்குறி, வாசலில் கோலம். அவர் கிளம்பியதும் பூட்டு திரும்பி வந்தது. ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன்.

"நான் பாக்கறப்ப தொறந்துதானுங்கம்மா இருந்துச்சு."

வக்கீலம்மா

ஆத்திரத்தில், ஜெனீவாவில் இருக்கும் மனித உரிமைக்காரர்களுக்கே எழுதிவிடலாம் என்றேன். எட்டாவதோடு நின்ற எனக்கு அவ்வளவுதான் தெரியும். எங்கள் சங்கத்து வக்கீலம்மா அது சுலபமில்லை என்று தலையாட்டினார். அங்கே புகார் கம்பெனி மேல் இல்லையாம், நம்மைக் காப்பாற்றாத அரசாங்கத்தின் மேல்தானாம். அதற்கு முன் இங்கேயுள்ள ஆபீஸ், கோர்ட், மேல்கோர்ட் எல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டுமாம். இங்கே ஏறி இறங்கிப் பிரயோசனமே இல்லை என்றால் விதிவிலக்கு உண்டு. அதையும் நாம்தான் நிரூபிக்க வேண்டுமாம். செத்துப் பிழைத்தவளா இத்தனை படி ஏறுவது?

செல்விதான் கேட்டாள்: "அதுவரைக்கும் நெருப்பு காத்திருக்குமாங்க்கா?"

கோர்ட்

சரி, அடுத்த படி என்று கோர்ட்டுக்குப் போனோம். கம்பெனி வக்கீல் எழுந்தார். அவர் சொன்னதைக் கேட்டதும், மேனேஜர் ரூமில் நான் குடிக்காமல் வைத்த டீதான் ஞாபகத்துக்கு வந்தது.

"ஐயா, இந்தம்மா இன்னும் மேனேஜர்கிட்டயே முறையாச் சொல்லலீங்க!"

வழக்கு நடக்கிறது, பூட்டு தொங்குகிறது, இந்த நாட்டில் இதுவரை எங்களுக்குக் கிடைத்த ஒரே நிவாரணம் செல்விக்கு முன்வாசல் பக்கம் மாற்றிக் கொடுத்த மெஷின்தான், பூட்டிய பின்வாசல் ஓரத்தில் இருந்த அவள் பழைய இடத்தில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் தைக்கிறாள்.