கோயில் மேட்டில் லைன் கிடைக்கும்

மலேசியாவில், பத்தாங் காலிக்கு உள்ளே இருக்கும் எங்கள் தோட்டத்தில், கோயில் மேட்டில் மட்டும்தான் போனுக்கு லைன் கிடைக்கும். சாயங்காலம் அங்கே நின்று பேசாதவளுக்கு ஆள் இல்லை என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனமே முடிவு கட்டிவிடும். என்னைக் காதலித்தவன் வேறொருத்தியோடு போன பிறகும், அந்தப் பேச்சுக்குப் பயந்து தினமும் போய், போனைக் காதில் வைத்துச் சும்மா பேசினேன். பக்கத்து வீட்டு அக்கா, சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவரோடு சிரித்துச் சிரித்துப் பேசுவாள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் லோரி ஓட்டும் அண்ணன் வண்டியை நிறுத்தி, எங்கள் இருவரையும் பார்த்துக் கத்தினார்: "யாருகிட்ட பேசுறீங்க? காலையிலேருந்து டவர் ரிப்பேர்லா, எங்கயும் லைன் இல்ல!"

நான் போனை இறக்கினேன். அக்கா இறக்கவில்லை. இன்னும் இறுக்கமாகக் காதோடு வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.