முந்திரிக் கொட்டகையில் ஒரு ஃப்ளெக்ஸ்

செவந்திக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. விசாரிக்கப் போலீஸ் வர வேண்டும். சிங்கப்பூரில் மகள் சிவரஞ்சனிக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் அப்புறம் என்ன தாய்?

பயமெல்லாம் அந்தப் பாழாய்ப்போன வழக்கை நினைத்துத்தான். மகளிர் குழுக் கடனை வசூல் செய்தவன் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டினான். குழுத் தலைவி என்று கையெழுத்துப் போட்ட பாவத்துக்குச் செவந்தி மேலும் மோசடி வழக்குப் பாய்ந்தது. கந்தர்வக்கோட்டை ரோட்டோரம் முந்திரி வறுத்து விற்கிறவள் மோசடிக்காரியாம்! மதுரைக்கு நடையாய் நடந்து, போன வருஷம்தான் ஹைகோர்ட்டில் அந்த வழக்கு ரத்தானது.

அன்றைக்கு அவள் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். வழக்கே இல்லை என்றான பிறகு காகிதம் எதற்கென்று, ரத்து உத்தரவையும் சேர்த்து மொத்தக் கட்டையும் முந்திரி அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள். தம்பி பிச்சைமுத்து அவளுக்கும் மேலே. காதுகுத்துக்கே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஊரில் அக்கா ஜெயித்ததற்கு வைக்காமல் இருப்பானா? ‘பொய் வழக்கைத் தூள்தூளாக்கிய எங்கள் அக்கா’ என்று, கைகூப்பி நிற்கும் அவள் படத்தோடு, ஹைகோர்ட்டு வழக்கு எண்ணையும் போட்டு பஸ் ஸ்டாண்டு முக்கில் கட்டிவிட்டான்.

“தெரியாதவனுக்கும் தெரிய வச்சுட்டியேடா, பாவி!” என்று சாயங்காலமே அதை அவிழ்த்து வந்தாள். தம்பியோடு பேச்சும் நின்றது. ஆனாலும் நல்ல கெட்டியான ஃப்ளெக்ஸ், எறிய மனசு வரவில்லை. எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டாள்.

ஏட்டு அருள்மணி தூறலில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். அவர் நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாதே என்று செவந்தி ரோட்டைப் பார்க்க ஸ்டூலைப் போட்டாள்.

“ஒங்க பேர்ல ஒரு கேஸ் நிக்குதேம்மா?”

“அது ரத்தாயிருச்சுங்க சார்.”

“எங்க ரெக்கார்டுல அப்படியேல்ல கெடக்கு. யாரும் மாத்தல. ஆர்டர் காப்பி எங்க?”

செவந்தி அடுப்பைப் பார்த்தாள். வக்கீலுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரைக் காணோம்.

“மதுரை கேஸ் நம்பராவது சொல்லுங்க, நெட்டுல ஆர்டரை எடுத்துக்கிறேன். இல்லேன்னா கேஸ் இருக்குன்னுதான் ரிப்போர்ட் எழுதணும். இன்னைக்கே அனுப்பணும்மா.”

மகள் தனியாகக் கிடந்து வலியில் கத்துவது காதில் கேட்கிற மாதிரி இருந்தது. மெல்லத் தலையைத் தூக்கினாள். கூரையில் அவளே கைகூப்பிக்கொண்டிருந்தாள். எண் இருந்த இடம் முழுக்க அடுப்புப் புகைக் கரி. வெளியே எடுத்துப் போட்டுத் துடைத்தால்தான் தெரியும். ரோட்டில், அத்தனை பேர் பார்க்க! மானம் போகத்தான் போகிறது, போனால் போகட்டும்.

“சார், செத்த எந்திரிங்க” என்று அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலேயே ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள். தூறலில் ஃப்ளெக்ஸை விரித்துப் போட்டு, முந்தானையால் தேய்தேய் என்று தேய்த்தாள். எண் வெளியே வந்தது. ஏட்டு அதைப் பார்த்துப் போனில் தட்டினார். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

“வந்துருச்சும்மா. ரத்துதான். ரிப்போர்ட்டைச் சரியா அனுப்பிடுறேன். ஸ்டேஷன்ல மாத்தச் சொல்லி ஒரு மனுக் குடுத்துருங்க.”

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அந்நேரம் பார்த்து நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து ஒருத்தி தலையை நீட்டினாள்.

“என்னக்கா, ஃப்ளெக்ஸெல்லாம் போட்டுருக்க? எலெக்சன்ல நிக்கிறியா?”

“இல்லடி! எம்மவ பிரசவத்துக்குப் போறேன்!” என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினாள் செவந்தி.