இடது கையால் ஒரு ஆட்டம்

விவேக் நகரை விட்டு வேகமாக நடந்துகொண்டிருந்தோம். ஜெர்மனியில் ஒரு செஸ் கிளப்புக்கு ஆட அக்காவுக்கு விசா வந்திருந்தது. அவளைப் போக விடக்கூடாது என்று அவள் புருஷன் அவளுடைய வலது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிட்டான். நான் முக்காலியால் அவன் வாயில் அடித்தேன். இரண்டு பல் விழுந்தது.

“பாஸ்போர்ட் எடுத்தியாடா?” என்றாள் அக்கா.

“எடுத்தேன்க்கா. கையே போச்சே, எப்படி ஆடுவே?”

“காய் நகர்த்துற கையாலதான் ஆட்டக் கடிகாரத்தையும் அமுக்கணும். எந்தக் கைன்னு சட்டம் இல்ல. அந்தப் பேமானிக்கு அது தெரியல.”

ஆட்டோ பிடித்து விமான நிலையம் போனாள். ஜெர்மனியில் முதல் ஆட்டத்தை இடது கையால் ஜெயித்தாள். பல வருடம் ஆடினாள், திரும்பவில்லை.

அவளை அனுப்பிய அன்று போலீசுக்குப் பயந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலை எலெக்ட்ரானிக் சிட்டியில் கட்டட வேலை கேட்டேன். மேஸ்திரி என் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

“அடிச்சியா, வாங்கினியா?”

“அடிச்சேன்ணே.”

மண்வெட்டியைக் கொடுத்தார்.