நான் நீட்டிய தண்ணீர்

சில வருடங்களுக்கு முன் திருகோணமலையில், சல்லிக் கடற்கரையில் ஒரு வீட்டில் நடந்தது இது.

நான் ஆங்கில ஆசிரியர், அதே ஊரின் ஓர்ஸ் ஹில் பகுதியில் குடியிருக்கிறேன். இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் பேட்டி எடுத்தே நரைத்துப்போன ஒருவர் அப்போது வந்திருந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டாரோடு பேச அவருக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வாயாடி என்று பெயரெடுத்த என்னை யாரோ கைகாட்டிவிட்டார்கள்.

போகும் வழியில் தன் கதையைச் சொன்னார். சின்ன ஊர் வானொலியில் காலநிலை வாசிக்கத் தொடங்கியவர், பிறகு மந்திரிமாரையே வியர்க்க வைத்திருக்கிறார். இது அவருடைய கடைசி நிகழ்ச்சித் தொடராம். நாற்பது வருடத்தில் கற்றது ஒன்றே ஒன்றுதான் என்றார்: பதில் முடிந்ததுபோல் தெரிந்தாலும் பேசாமல் காத்திருப்பது. உண்மையான பதில் அதற்குப் பிறகுதான் வருமாம். தான் விரலைத் தூக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். பெரிதாகத் தலையாட்டினேன்.

அந்த வீட்டு அக்காவின் கணவர் ஒரு விடியற்காலையில் படகில் போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை. அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்து எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். கடைசியாக, அன்று காலை என்ன நடந்தது என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

"வழமைபோலத்தான் போனவர்," என்றார் அக்கா.

வெள்ளைக்காரர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அக்காவின் கண் நிறைந்தது. "அண்டைக்கு நான் அவரிட்ட..." என்று தொடங்கினார்.

எங்கள் பக்கத்தில், ஒரு பெண் கலங்கும்போது மரம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். செத்த வீட்டிலும் ஆறுதலாக ஒரு சொல் சொல்லி, ஒரு மிடறு தண்ணீராவது கொடுப்போம். என் கை தானாகவே செம்பை எடுத்தது.

"அழாதீங்கோ அக்கா. முதல்ல இதைக் குடியுங்கோ," என்றேன்.

குடித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒண்டுமில்லைத் தம்பி, விடுங்கோ," என்றார். அதோடு சரி.

திரும்பும்போது, அக்கா இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று மட்டும் வெள்ளைக்காரர் சொன்னார். கல்நெஞ்சுக்காரன் என்று மனதுக்குள் திட்டினேன்.

போன வருடம் அந்த அக்கா காலமானார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் மகள் என்னைத் தேடி வந்தாள்.

"சேர், அப்பா கடைசியாப் போன அண்டைக்கு வீட்டில என்ன நடந்ததெண்டு அம்மா ஒருநாளும் கதைச்சதில்லை. அந்த வெள்ளைக்காரரிட்டயாவது சொன்னவவோ?"

வெள்ளைக்காரர் எனக்கு அனுப்பியிருந்த பேட்டியின் வீடியோப் பதிவைப் போட்டுக் காட்டினேன். நான் செம்பை நீட்டிய இடத்தை அவள் மூன்று முறை திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் வாய் திறந்திருக்கிறது. கேட்பது என் குரல்.

"நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள், சேர்," என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போதெல்லாம் என் முன்னால் யாராவது கலங்கிப் பேச்சை நிறுத்தினால் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் அந்த மகளுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்த ஒரு வார்த்தையைத் தண்ணீரோடு விழுங்க வைத்தவன் நான்தான் என்பது, செம்பைத் தொடும்போதெல்லாம் நெஞ்சை அறுக்கிறது.