நான்கு மணிக்கு மூடிய வால்வு

“நேத்து பம்ப் எத்தன மணி வரைக்கும் ஓடுச்சு, சத்யா?”

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, சிதம்பரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து பையை வைத்த கையோடு மெகருன்னிசா மேடம் இப்படிக் கேட்டார்.

“எட்டு வரைக்கும் மேடம்.”

“நடுவுல கரண்ட் போச்சா?”

“போவல மேடம்.”

“சாப்பாட்டுக்கு என்ன பண்ணுன?”

“கேன்டீன்ல பரோட்டா சாப்ட்டேன்.”

“ஏழு மணிக்கு மேல கேன்டீன் இருந்துச்சா?”

“இருந்துச்சு மேடம்.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இருக்கும், இருக்கும். நான் போனா மட்டும்தான் அந்த ஆளு அஞ்சு மணிக்கே பூட்டிட்டு ஓடுறாரு” என்றார். பிறகு நோட்டைத் திறந்தார். “சரி, ஹீட்டரப் போடு. பாக்கலாம்.”

நோட்டில் என் கையெழுத்தில், இரண்டு மணி முதல் எட்டு மணி வரை என்று இருந்தது. நான் வால்வை மூடியது நான்கு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு. அன்று மாலை கடலூரில் என் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். கேட்டிருந்தால் மேடம் அனுப்பியிருப்பார். எனக்குக் கேட்கத்தான் கூச்சம். பொய் சொல்ல அந்தக் கூச்சம் குறுக்கே வரவில்லை.

அந்த ஆறு மணி நேரம் எதற்கு என்று சொல்ல வேண்டும். கடுங்குளிரில் ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது என்று அளப்பதுதான் மேடத்தின் வேலை. திரவ ஹீலியத்தில் அமிழ்த்திய ஒரு செம்புக் குவளைக்குள் அந்தப் பொருள் இருக்கும். அது குளிர வேண்டுமானால் குவளைக்குள் கொஞ்சம் ஹீலியம் வாயு விட வேண்டும். குளிர்ந்த பிறகு, அளப்பதற்கு முன், அந்த வாயுவை மிச்சமில்லாமல் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் பம்ப். கரண்ட் போனால் அந்த நொடியே வால்வை மூடாவிட்டால் பம்ப்பின் எண்ணெய் உள்ளே ஏறிவிடும். அதனால் ஆள் இல்லாமல் ஓடவிட முடியாது. அந்த ஆள் நான். தொழில்நுட்ப உதவியாளர் என்ற பதவிக்குப் பாதி நாள் அர்த்தம், பம்ப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

ஹீட்டர் பொருளைச் சிறிது சிறிதாகச் சூடேற்ற, அன்று காலை திரையில் அது வாங்கும் வெப்பத்தின் கோடு நேராக ஏறிக்கொண்டே வந்தது. இதற்கு மேல் குளிரவே முடியாது என்ற எல்லையிலிருந்து ஏழு டிகிரி மேலே, ஒரு சின்ன மேடு எழுந்து அடங்கியது. அந்த இடத்தில் பொருள் புதிதாக ஒரு நிலைக்கு மாறுகிறது என்று அதற்கு அர்த்தம்; அதுவரை யாரும் கண்டதில்லை. திரும்பக் குளிரவைத்து அளந்தோம். மேடு அதே இடத்தில் இருந்தது. மேடம் எழுந்து நின்றுவிட்டார். “இதப் பாரு சத்யா, இதப் பாரு” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தொட்டதில்லை.

மேடம் பரங்கிப்பேட்டைக்காரர். வாப்பா மலேசியாவில் கடை வைத்திருந்தார். இவர்கள் வீடு மீன் இறங்கும் துறைக்குப் பக்கம், ஐஸ் கம்பெனிக்கு எதிரில். ஆறு வயதில், அப்போதுதான் டின்னிலிருந்து கவிழ்த்த ஐஸ் பாளத்தில் நாக்கை வைத்து ஒட்டிக்கொண்டு அழுதாராம். “அன்னிக்கு ஒட்டுனதுதான், இன்னும் விடல” என்று சொல்லிச் சிரிப்பார். முனைவர் பட்டம் வாங்கி ஊர்ப் பக்கமே திரும்பி, சிதம்பரத்துக்கு வந்தபோது இங்கே குளிர் ஆய்வு என்று எதுவும் இல்லை. பழைய கருவிகளைக் கேட்டு வாங்கி, ஓட்டை அடைத்து, இந்தக் கூடத்தை உண்டாக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. சென்னையிலிருந்து ஹீலியம் வேன் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை. அதற்காகவே அவர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். கணவர் அஃப்சல் குவைத்தில். “நான் இங்க அம்பது டிகிரில வேகுறேன், நீ மைனஸ்ல ஒக்காந்திருக்க. ரெண்டையும் கலந்தா ஒரு வீட்டுக்கு ஆவும்” என்று அவர் போனில் சொன்னதை மேடம் எங்களிடம் அப்படியே சொல்லிக் காட்டுவார்.

அந்த மேட்டைப் பற்றிய கட்டுரை வெளிவந்ததும் வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. இங்கே பாராட்டு விழா நடத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். கைதட்டல் நின்ற பிறகும் என் உள்ளங்கை எரிந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஜப்பானில் ஒருவர் அதே பொருளைச் செய்து நான்கு முறை அளந்திருக்கிறார், மேடு இல்லை. தன் முறையில் எங்கே தவறு என்று மிகுந்த பணிவோடு மேடத்திடம் கேட்டிருந்தார். தவறு தன்னுடையது என்றே நம்பி ஒரு மனிதர் ஒன்றரை ஆண்டு உழைத்திருந்தார்.

அடுத்த ஹீலியம் வந்தபோது பம்ப்பை எட்டு மணி நேரம் ஓட்டினேன். மேடம் எழுந்து போகவேயில்லை. கோடு நேராக ஏறியது. எங்கும் மேடு இல்லை. பொருள் பழசாகியிருக்கும் என்று புதிதாகச் செய்தார். இன்னொரு வேன் ஹீலியமும் தீர்ந்தது. அதிலும் இல்லை.

அன்று சொன்னேன். குவளைக்குள் தங்கிப்போன வாயு பொருளின் மேல் படிந்து, சூடேறும்போது கிளம்பி, அந்த வெப்பத்தைக் குடித்திருக்கும். ஒவ்வொரு முறை குளிரவைத்தபோதும் திரும்பப் படிந்திருக்கும். “நான் எட்டு வரைக்கும் இல்ல மேடம். நாலு மணிக்கே கெளம்பிட்டேன்.”

“தெரியும்” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“உம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு பி.முட்லூர்ல எங்கூரு பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். கடலூர் பஸ்ஸு வந்துச்சு. ஜன்னல் சீட்டுல நீ. தலையில கனகாம்பரம். காலைல வந்து கேட்டேன், பொய் சொன்ன. திட்டணும்னுதான் நோட்டத் தொறந்தேன். சரி, மொதல்ல ஒருக்கா பாத்துருவோம்னு ஹீட்டரப் போடச் சொன்னேன். மேடு வந்துச்சு. அதுக்கப்புறம் நீ பஸ்ல போனத நான் பாக்கல.” மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பதினாலு வருஷம் சத்யா. எனக்கு அது வேண்டியிருந்துச்சு.”

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அந்த வாரமே எழுதினார். “வாயு முழுதும் நீக்கப்படவில்லை, பொறுப்பு என்னுடையது”, அவ்வளவுதான். ஆய்வுத் திட்டம் நீட்டிக்கப்படவில்லை. பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்கு அவரை அழைக்கவில்லை. இந்த மாதம் விருப்ப ஓய்வு பெற்றுக் குவைத்துக்குப் போகிறார்.

விடைபெறும் மலருக்காக எல்லோரும் எழுதித் தந்திருக்கிறார்கள். இது நான் எழுதுவது. தன் தவறைத் தானே சொன்ன நேர்மையாளர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதிதான் தெரியும். அவர் கேட்டுக்கொண்டதில் நானும் பாதிதான் செய்தேன். நோட்டின் அந்தப் பக்கத்தில் முதல் வரியை அன்றே எழுதிவிட்டேன். இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. கடிதத்தை அனுப்பிய அன்று நோட்டை என் முன்னால் நகர்த்திவைத்து அவர் கேட்டது இதுதான்:

“அடிக்காத, கிழிக்காத. பக்கத்துலயே எழுது. தமிழோ இங்கிலீஷோ, ஒனக்கு எது வருதோ அதுல. மொத வரி, நாலு மணிக்கு நீ வால்வ மூடுனது. ரெண்டாவது வரி, நாலரைக்கு நான் ஒன்ன பஸ்ல பாத்தது. அத நான் எழுதுனா, ஒன்னக் காப்பாத்த எழுதுனேன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டும் ஒன் கையெழுத்துல இருக்கட்டும் சத்யா.”