தலைநகரை நம்பி விட்ட பாடு

ஆந்திர எல்லையை ஒட்டிய ஏரிக்கரை ஊரான சுண்ணாம்புக்குளத்தில் ஜமுனா என்றால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ‘தலைநகர் பொண்டாட்டி’ என்றால் நண்டு விற்கிறவள்கூட வீட்டைக் காட்டுவாள். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் அவள் புருஷன் சிங்காரம்.

ஆந்திரா இரண்டாகப் பிரிந்த வருடம் அது. புதுத் தலைநகர் எங்கே வரும் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் டீக்கடையெல்லாம் இதே பேச்சு. படித்தவர்களே குழம்பிக் கிடக்க, சிங்காரத்துக்கு மட்டும் சந்தேகமே இல்லை. ஏரியில் வலை கட்ட இடம் பார்க்கிற கண்ணாலேயே ராஜ்ஜியத்துக்கும் இடம் பார்த்துவிட்டான் மகாராசன்.

“முகத்துவாரம் கிட்டத்தாண்டி மீனு ஏறும். ஊரும் அப்டித்தான். கடலு இருக்குது, ரயிலு இருக்குது, மெட்ராசு கூப்புடு தூரம். தடா பக்கம் வராம வேற எங்க வரும்னு சொல்லு?”

“வந்தா உனக்கு இன்னாய்யா? உன்னயா ராஜாவாக்கப் போறாங்க?” என்றாள் ஜமுனா. பெண் பேச்சு எந்தக் காலத்தில் எடுபட்டது?

எல்லை தாண்டித் தடா பக்கத்தில் அவன் தம்பி திருவேங்கடத்துக்கு மாமனார் வழியில் வந்த ஒரு துண்டு உப்பு நிலம் இருந்தது. புல் முளைக்காத பூமி. தலைநகர் வந்தால் பொன்னாகும் என்று சிங்காரம் அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் பாட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான். பாடு என்றால் முறை. இறால் ஓடும் நல்ல இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊர் சீட்டுப் போட்டுப் பிரிக்கும் உரிமை. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. ஊர்க் கூட்டத்தில் விட்டுக்கொடுத்த பாடு திரும்பாது. கொடுத்தவன் பிள்ளைக்கும் கிடையாது.

தலைநகர் எங்கோ வடக்கே கிருஷ்ணா நதிக்கரைக்குப் போயிற்று. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதைதான். பிறகு மூன்று தலைநகர் என்று பேச்சு அடிபட்டபோது, “மூணுல ஒண்ணு நம்பளுது” என்று மறுபடி துள்ளினான் அந்த வெட்கங்கெட்டவன். ஜமுனா இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவி மகன் லோகேஷை வளர்த்தாள்.

லோகேஷுக்குப் பசியாவரத்தில் ஆர்த்தி என்ற பெண்ணைப் பார்த்தார்கள். அவள் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “பையனுக்குப் பாடு இருக்குதா?”

ஜமுனா கொழுந்தன் காலில் போய் விழுந்தாள். திருவேங்கடத்துக்கும் அவன் பெண்டாட்டி ராஜம்மாவுக்கும் பிள்ளை இல்லை. அவன் எழுந்திரு என்றுகூடச் சொல்லவில்லை.

“தர்றேன் அண்ணி. ஆனா அவன் எம்புள்ளையா கூட்டத்துல நிக்கணும். கல்யாணப் பத்திரிகைல எங்க பேருதான். அப்புறம் அம்மான்னு உங்க வாசலுக்கு வந்தான்னா பாடு கட்.”

பாவி, கழுத்தை அறுக்கிறவன்கூட இத்தனை நிதானமாய் அறுக்க மாட்டான். ஜமுனா புருஷனைக் கேட்கவில்லை, மகனையும் கேட்கவில்லை. சரி என்றுவிட்டாள். சேற்றில் கிடந்த உடம்பு தன்னோடு போகட்டும் என்று நினைத்தாள்.

கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் லோகேஷைக் கேட்டார். “உன் நைனா யாருடா?”

“திருவேங்கடம்.”

“அப்போ சிங்காரம்?”

“பெரியப்பா.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோயில் சுவரோரம் பெண்களோடு நின்ற ஜமுனா, புருஷன் தலை தொங்குவதைப் பார்த்தாள். இந்தத் தலை பாட்டை விட்ட அன்றைக்கே தொங்கியிருக்கக் கூடாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணத்துக்குச் சிங்காரம் வரவில்லை. ஜமுனா போனாள், கூப்பிட்ட சொந்தக்காரர்களோடு ஓரமாக உட்கார்ந்தாள். தாலி கட்டி முடிந்ததும் மணமக்கள் திருவேங்கடம், ராஜம்மா காலில் விழுந்தார்கள். ராஜம்மா அழுதாள், பெற்றவள் அழ வேண்டிய அழுகையை ஒரு சொட்டு விடாமல் அழுதாள். பிறகு வரிசையாக மற்றவர்கள்.

ஜமுனாவின் முன்னால் வந்தபோது லோகேஷ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திருவேங்கடம் நின்றான்.

“பெரியம்மா கால்ல விழு, ஆர்த்தி,” என்றான் லோகேஷ்.

இருவரும் விழுந்தார்கள். ஜமுனா குனிந்து மகனின் தலையில் கை வைத்தாள்.

“எந்த மகராசி பெத்த புள்ளையோ,” என்றாள். “நல்லா இருய்யா.”