துடுப்பு நட்ட தீடை

கீரிக் கரையில் தாவூதைப் போல வரிக்குப் பயந்தவர் வேறொருவர் இருந்ததில்லை. மூத்தவாப்பா காலத்து மீன் வரிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். அதிகாரியின் வெள்ளைத் தொப்பி ஒன்று தூரத்தில் தெரிந்தால் போதும், தோணி மச்சானுடையது, வலை இரவல், மீன் படுவதே இல்லை என்று அடித்துச் சொல்வார். கரையில் எல்லாரும் அப்படித்தான். இவர் கொஞ்சம் அதிகம்.

அவருடைய மகன் சனூன் கல்யாணம் பேசி வைத்திருந்த பிள்ளை. நடுக்கடலில் உள்ள மணல் தீடை ஒன்றில் கருவாடு போடப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு மௌத்தானான். கச்சான் காற்று விடவில்லை. மையித்தை ஊருக்குக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே தொழுது அடக்கினார்கள். கபுறுக்கு அடையாளமாக நடும் மீசான் கட்டைக்கு மரம் இல்லை. தாவூது தன் துடுப்பையே தலைமாட்டில் நட்டார். பிறகு பெருநாள் தோறும் அவரும் மனைவி உம்மு குல்சூமும் தோணியில் போய்க் கபுறடியில் ஓதிவிட்டு வருவார்கள்.

கொழும்பும் சென்னையும் கடலைப் பங்கு பிரிக்கப் போவதாகப் பேச்சு அடிபட்ட காலம் அது. எந்தத் தீடையில் எவர் தொழில் செய்கிறார்கள் என்று பார்க்க ஒரு துரை நீராவிப் படகில் வந்தார். வழிகாட்டத் தாவூதை ஏற்றிக்கொண்டார்கள். சனூனை அடக்கிய தீடையை நெருங்கியதும் துரையின் கிளாக்கர் அருட்பிரகாசம் கேட்டார்.

"இதில உங்கட ஆக்கள் தொழில் செய்யிறவையோ?"

வரி வரப்போகிறது என்றுதான் தாவூதுக்குப் பட்டது.

"இல்லை ஐயா. நாங்கள் இஞ்சால வாறதே இல்லை."

"அப்ப அந்தத் துடுப்பு?"

தாவூது துடுப்பைப் பார்த்தார். ஆனாலும் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"அக்கரை ஆக்கள் நட்டதாக்கும்."

துரை தலையாட்டினார். படகு திரும்பியது.

கடலில் கோடு விழுந்தது. தீடை சென்னையின் பங்காக அக்கரைப் பக்கம் போய்விட்டது. அடுத்த பெருநாளன்று கபுறு பார்க்கப் போன தோணியை அக்கரைக் காவல் படகு மறித்தது.

"அங்க எங்கட மகன்ட கபுறு இருக்கு" என்று உம்மு குல்சூம் அழுதாள்.

"உங்க ஆளுங்க யாரும் இங்கே வர்றதில்லைன்னு உங்க ஆளே சொல்லியிருக்காராம்மா. திரும்பிப் போங்க."

காவல் படகு விலகி நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள்.

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்."

"அந்தத் துடுப்பையும் கேட்டவங்களா?"

"ஓம்."

"என்ன சொன்னீங்கள்?"

தாவூது சொன்னார். பொய் சேர்க்காமல் அப்படியே சொன்னார்.

அவள் ஏசவில்லை. தூரத்தில் தெரிந்த துடுப்பை நோக்கி, இருந்த இடத்திலேயே கையேந்தி ஓதத் தொடங்கினாள். தாவூதுக்குக் கை எழவில்லை.